கல்யாணத்துக்கு முன் முகத்தைப் பாழாக்கும் தவறுகள்

கல்யாணத் தேதி குறித்த கையோடு மண்டபத்துக்கு முன்பணம் போய்விடுகிறது. சமையல்காரர், நாதஸ்வரம், புகைப்படக்காரர், முகூர்த்தப் புடவை என எல்லாமே மாதக்கணக்கில் முன்கூட்டியே முடிவாகின்றன. முகம் மட்டும் கடைசிப் பத்து நாளுக்குத் தள்ளிப்போடப்படுகிறது. அந்தப் பத்து நாளில் ஃபேஷியல், ப்ளீச், யாரோ சொன்ன சீரம், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த க்ரீம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக முகத்தில் ஏறுகின்றன.

மணப்பெண் அலங்காரத்துக்குப் போகும் எனக்கு, விடியற்காலையில் மணமகள் அறையில் அதன் விளைவுதான் முதலில் கண்ணில் படுகிறது. மூக்கின் ஓரத்திலும் வாயின் இரு முனைகளிலும் தோல் மெல்லிய செதிலாக உரிந்து நிற்கும். அதன்மேல் ஃபவுண்டேஷனைத் தடவினால் செதிலுக்கு அடியில் போய்த் தேங்கி, ஒவ்வொரு விளிம்பையும் எடுத்துக் காட்டும். கூடுதலாகத் தடவினால் இன்னும் தடித்துத் தெரியும். முகூர்த்தத்துக்கு இரண்டு மணி நேரமே இருக்கும்போது அதற்கு நல்ல வழி எதுவும் கிடையாது.

தோலின் அடியடுக்கில் உருவாகும் செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய நான்கு வாரங்கள் ஆகின்றன. வயது ஏறினால் இன்னும் தாமதம். ஆகவே இன்று தொடங்கும் எந்தப் பராமரிப்பும் பலன் காட்ட ஒரு மாதமாவது பிடிக்கும். முகப்பருவுக்கு மருத்துவர் தரும் சிகிச்சைக்கு இரண்டு மூன்று மாதம் வேண்டும். இதோடு இன்னொன்றும் உண்டு. மாநிறமும் கருநிறமும் கொண்ட நம் சருமத்தில் எங்கே எரிச்சலோ காயமோ பட்டாலும், அது ஆறிய பிறகு அந்த இடம் கறுத்துவிடுகிறது. புண்பட்ட இடத்தில் மெலனின் கூடுதலாகச் சுரப்பதுதான் காரணம். அந்தக் கறுப்பு மறைய மாதங்கள் ஆகும். முகம் வெளுக்க வேண்டும் என்று செய்கிற முரட்டு வைத்தியம் கடைசியில் கருந்திட்டில் கொண்டுபோய் விடுவது இதனால்தான்.

“கொஞ்சம் நிறம் ஏறினால் நன்றாக இருக்கும்”

எல்லாத் தவறுகளுக்கும் தாய் இந்தப் பேச்சு. நிச்சயதார்த்தம் முடிந்ததும் யாராவது ஓர் அத்தையோ சித்தியோ இதைச் சொல்லிவிடுவார்கள். அன்றே பெண்ணின் கைக்கு ஒரு ட்யூப் வந்து சேரும்.

அந்த ட்யூப்பைத் திருப்பி, என்ன மருந்து என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபிட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் என்ற பெயர்களில் ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் அது மருத்துவர் சீட்டின் பேரில் மட்டுமே வாங்க வேண்டிய மருந்து. படர்தாமரைக்கும் அரிப்புக்கும் தரும் களிம்புகளில் பலவற்றிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பதால், வீட்டில் மிச்சமிருக்கும் ட்யூப்பை எடுத்து முகத்தில் தடவுவதும் இதே ஆபத்துதான். சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு விதியைக் கடுமையாக்கியது. ஆனாலும் மருந்துக் கடையில் “முகத்துக்கு நல்ல க்ரீம்” என்று கேட்பவர்கள் கைக்கு அவை இன்னமும் போய்ச் சேர்கின்றன.

இவற்றின் சூழ்ச்சி என்னவென்றால், முதல் இரண்டு வாரம் முகம் உண்மையிலேயே பளிச்சென்று இருக்கும். ஸ்டீராய்டு இரத்த நாளங்களைச் சுருக்கி வீக்கத்தை அடக்குவதால் பரு அமுங்கும், நிறமும் சற்று வெளுக்கும். தொடர்ந்து தடவினால் தோல் மெலிந்து, சிவந்த இரத்த நாளங்கள் கன்னத்தில் தெரிய ஆரம்பிக்கும். பெண்களுக்கு முகத்தில் முடி வளரும். நிறுத்தினாலோ முகம் சிவந்து எரியும், பரு கொத்தாகக் கிளம்பும். பயந்துபோய் மறுபடி அதையே தடவுவார்கள். இந்தப் பாதிப்பு நம் நாட்டில் மிகப் பரவலாக இருப்பதால், தோல் மருத்துவர்கள் இதை ஒரு தனி நோயாகவே பெயரிட்டு எழுதுகிறார்கள். ஏற்கெனவே தடவிக்கொண்டிருப்பவர்கள் கல்யாண நேரத்தில் தாமாகவே திடீரென்று நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் போக வேண்டும். எப்படிக் குறைப்பது என்று அவர்தான் சொல்ல முடியும்.

ட்யூப்பிலாவது பெயர் இருக்கிறது. தயாரிப்பாளர் முகவரியோ உட்பொருள் பட்டியலோ இல்லாமல் வெள்ளை டப்பாவில் வரும் க்ரீம்களை நினைத்தால்தான் எனக்கு அச்சம். விரைவாக வெளுக்க வைக்கும் க்ரீம்கள் சிலவற்றில் பாதரசம் சேர்க்கப்படுகிறது. 2023இல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் சிறுநீரகப் பாதிப்போடு மருத்துவமனைக்கு வந்த சிலர் இப்படிப்பட்ட வெளுப்புக் க்ரீம்களைப் பயன்படுத்தியிருந்தது தெரியவந்தது. முகத்தில் தடவியது சிறுநீரகம்வரை போகிறது. குளுட்டதயோன் ஊசியும் இதே ஆசையில் போடப்படுவதுதான். நிறத்தை மாற்ற அந்த ஊசிக்கு அங்கீகாரம் கிடையாது. பிலிப்பைன்ஸ் அரசு 2011லேயே அதற்கு எதிராக எச்சரித்திருக்கிறது.

அலங்காரத்திலும் இந்த ஆசை தொடர்கிறது. கழுத்தைவிட இரண்டு படி வெளுப்பான ஃபவுண்டேஷனைப் பூசச் சொல்வார்கள். மண்டபத்து வெள்ளை விளக்கிலும் ஃப்ளாஷிலும் அது சாம்பல் பூத்த முகமாகப் படத்தில் பதியும், கையும் கழுத்தும் வேறொருவருடையவை போலத் தெரியும். தாடையோரத்தில் தடவிப் பார்த்து, தோலோடு கரைந்துபோகும் நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் நிறத்துக்கு அரக்குப் பட்டும் தங்கமும் எத்தனை அழகாகப் பொருந்துகின்றன என்பது அப்போது தெரியும்.

சமையலறையும் நலங்கு மாவும்

எலுமிச்சையை நேராக முகத்தில் தேய்ப்பது வேண்டவே வேண்டாம். அமிலத்தைக் காட்டும் பிஎச் அளவில் எண் குறையக் குறைய அமிலம் கூடும். நம் தோல் அதில் ஏறக்குறைய 5; எலுமிச்சைச் சாறு 2. தடவிக்கொண்டு வெயிலில் போனால் அதிலுள்ள வேதிப்பொருள் சூரிய ஒளியோடு சேர்ந்து தோலைப் பொசுக்கி, ஒழுகிய கோட்டிலேயே கறுப்புத் தடம் விழும். சமையல் சோடா எதிர்த்திசையில் கெடுதல். சர்க்கரையையும் அரிசி ரவையையும் அழுத்தித் தேய்ப்பது கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்கும்.

நலங்கு மாவு மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. பயத்தம்பருப்பும் ஆவாரம்பூவும் வெட்டிவேரும் பூலாங்கிழங்கும் ரோஜா மொட்டும் சேர்ந்த அந்த வாசனைக்கு ஈடு இல்லை. ஆனால் பல வீடுகளின் சேர்மானத்தில் கார்போகரிசியும் உண்டு. அதில் சோரலென் என்ற பொருள் இருக்கிறது. தோலின் மேல் அது இருக்கும்போது வெயில் பட்டால் தோல் மிக எளிதில் கறுக்கும், சிலருக்குக் கொப்புளமே வரும். வெண்புள்ளிகளுக்கு நிறம் வரவழைக்க அந்த விதையை மருந்தாகப் பயன்படுத்துவதும் இதே குணத்தால்தான். முகத்துக்கு அரைக்கும் மாவில் கார்போகரிசியை விட்டுவிடுங்கள். மாவை நன்றாகச் சலித்து, பாலிலோ தண்ணீரிலோ குழைத்து, தேய்க்காமல் பூசிக் கழுவினால் போதும். கஸ்தூரி மஞ்சள் என்ற பெயரில் கடைகளில் வேறு கிழங்குகளின் பொடியும் விற்கப்படுவதால், நலங்கு நாளில் முதன்முதலாக முகம் முழுக்கப் பூசாமல் காதுக்குப் பின்னால் தடவி இரண்டு நாள் பார்த்துவிடுவது நல்லது. இந்தச் சோதனை சீரம், ஹேர் டை, பார்லரின் புதுப் பூச்சு எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

பார்லருக்கு எப்போது போவது

முதல்முறையாகச் செய்யும் எதையும் கல்யாணத்துக்கு ஒரு மாதத்துக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். வேதிப்பொருள் கொண்டு தோல் உரிக்கும் பீலிங் சிகிச்சை, வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ரெட்டினால் சீரம் இரண்டுக்கும் இது முக்கியம். ரெட்டினால் தொடங்கிய முதல் சில வாரங்களில் தோல் வறண்டு உரிவது இயல்பு. அந்த நேரத்தில் மேலுதட்டில் வேக்ஸிங் செய்தால் முடியோடு தோலும் கழன்று வரும். பருவுக்காக ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு முகத்தில் வேக்ஸிங்கே கூடாது.

பழக்கமான ஃபேஷியல் என்றால் ஒரு வாரத்துக்கு முன்னால் முடித்துவிடுங்கள். புருவத் த்ரெடிங், இரண்டு மூன்று நாள் முன்னால். ப்ளீச்சைத் தவிர்த்தால் நல்லது. தவிர்க்க முடியாதவர்கள் ஃபேஷியலுக்கும் முன்பாக, அதே நாளில் இரண்டையும் சேர்க்காமல் செய்துகொள்ளலாம். லேசர் முடி நீக்கத்துக்குப் பல அமர்வுகள், ஒவ்வொன்றுக்கும் இடையே நான்கு முதல் ஆறு வாரம் தேவை. மாதங்களுக்கு முன்பே தொடங்காவிட்டால் இப்போது அதைத் தொட வேண்டாம்.

கடைசி வாரத்தில் ஒரு பரு பெரிதாகக் கிளம்பினால் கிள்ளாதீர்கள். தோல் மருத்துவர் அந்தப் பருவுக்குள் மிகச் சிறிய அளவில் மருந்து செலுத்தினால் ஓரிரு நாளில் அமுங்கிவிடும். கிள்ளிய பருவின் பொருக்கை எந்த மேக்கப்பும் மறைக்காது. பருவை மறைத்துவிடலாம்.

பத்திரிகை வைக்கும் வெயில்

ஏனோ இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சித்திரை, வைகாசியில் கல்யாணம் என்றால் பங்குனி வெயிலில் வண்டியில் சுற்றி நண்பர்களுக்குப் பத்திரிகை கொடுப்பார்கள். ஜவுளிக் கடை, நகைக் கடை, தையல்காரர் என்று நடுப்பகலில் அலைவார்கள். ஒரு மாதப் பராமரிப்பு ஒரு வார அலைச்சலில் போய்விடும். எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன், முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம், வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. மங்கு உள்ளவர்களுக்கு இது எந்தக் க்ரீமையும்விடப் பெரிய சிகிச்சை.

மருதாணியிலும் ஓர் எச்சரிக்கை. இயற்கையான மருதாணி முதலில் ஆரஞ்சு நிறம் காட்டி, ஒன்றிரண்டு நாளில்தான் அடர்ந்து சிவக்கும். அரை மணியில் கருகரு என்று பிடிக்கும் கோனில் ஹேர் டையில் உள்ள பிபிடி என்ற வேதிப்பொருள் இருக்கலாம். கையில் பூவும் கொடியுமாக வரைந்த அதே வடிவத்தில் கொப்புளம் எழும்பும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் ஆயுளுக்கும் ஹேர் டை ஆகாமல் போகும்.

வரவேற்புக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவில்

முதல்நாள் மாலை வரவேற்பு, விருந்தினர் போக இரவு பதினொன்று ஆகிவிடும். விடியற்காலை முகூர்த்தம் என்றால் மூன்று மணிக்கு எழுப்பிவிடுவார்கள். அலுப்பில் மேக்கப்போடு படுத்துவிடும் பெண்கள் நிறையப் பேர். மறுநாள் கண்கள் சிவந்து, நெற்றியில் பொரிப்பொரியாக எழுந்திருக்கும். க்ளென்சிங் எண்ணெயோ மைசெல்லர் தண்ணீரோ பஞ்சில் நனைத்து, கண் மையின் மேல் சற்று நேரம் ஒற்றி வைத்துப் பிறகு துடையுங்கள். அதன்பின் முகம் கழுவி, மாய்ஸ்சரைசர் தடவிப் படுங்கள். இதற்கான பையைத் தோழியிடமோ தங்கையிடமோ முன்கூட்டியே கொடுத்துவைத்தால் அவர்கள் விடமாட்டார்கள்.

முகூர்த்தக் காலையில் தலைக்கு எண்ணெய் வைக்கும் வழக்கம் உள்ள வீடுகளில், முழு எண்ணெய்க் குளியலை இரண்டு நாள் முன்பே முடித்துக்கொண்டு, அன்று பெரியவர்கள் உச்சியில் மூன்று சொட்டு வைத்தால் சடங்கும் நிறைவேறும், நெற்றியில் மேக்கப்பும் நழுவாது. ஹோமப் புகையில் காண்டாக்ட் லென்ஸ் கண்ணைக் கரிக்கும். வண்ண லென்ஸை அன்றுதான் முதன்முதலாகப் போடுவது மிகத் தவறான முடிவு.

மாப்பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும். முகூர்த்தத்துக்கு ஒரு மணி முன்னால் அவசரமாகச் சவரம் செய்து, தாடையெல்லாம் சிவந்து, அதன்மேல் சந்தனம் பட்டு எரிய மணையில் உட்காருகிறவர்கள் பலர். முந்தின நாள் மாலையே, புது பிளேடில், முடி வளரும் திசையில் செய்துகொள்ளுங்கள்.

இதைப் படிக்கும்போது கல்யாணத்துக்கு ஒரு வாரமே இருக்கிறது, முகம் ஏற்கெனவே எரிந்து உரிந்துகொண்டிருக்கிறது என்றால், கடையிலும் பார்லரிலும் வாங்கிப் பூசியவற்றை ஓரம் வையுங்கள்; ஸ்டீராய்டு க்ரீமை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். மென்மையான ஃபேஸ்வாஷ், வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் மூன்று மட்டும் போதும். எரிச்சல் அடங்கவில்லை என்றாலும், தடவியது ஸ்டீராய்டு என்று தெரிந்தாலும் மறுநாளே தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள். உங்களுக்கு அலங்காரம் செய்யப்போகிறவரை இன்றே கைபேசியில் அழைத்து, என்ன தடவினீர்கள், எங்கே உரிகிறது என்று மறைக்காமல் சொல்லுங்கள். முன்கூட்டியே தெரிந்தால் பவுடரைக் குறைத்து, ஈரப்பசையுள்ள ஃபவுண்டேஷனை மெல்லிய பூச்சாகப் போட அவர் தயாராக வருவார்.