ஸ்பீட்மாஸ்டர்: பழையதையும் புதியதையும் ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘நிலவுக்குப் போன கடிகாரம்’ என்று சொல்லி விற்கப்படும் பழைய ஒமேகா ஸ்பீட்மாஸ்டர்களில் பல, நிலவுக்குப் போன வகையைச் சேர்ந்தவையே அல்ல. தென்னாப்பிரிக்காவில் டர்பனிலும் சாட்ஸ்வர்த்திலும் கடிகாரம் சேர்க்கும் நம்மவர்கள் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பேசும்போது முதலில் சறுக்குவது இங்கேதான். 1969 ஜூலையில் அப்பல்லோ 11 விண்வெளி வீரர் பஸ் ஆல்ட்ரின் அணிந்து நிலவில் இறங்கியது 105.012 என்ற மாதிரி; அதற்குள் ஓடியது 321 இயந்திரம். ஆனால் 1968இலேயே ஒமேகா 861 என்ற வேறு இயந்திரத்துக்கு மாறத் தொடங்கிவிட்டது. 1969இல் செய்யப்பட்டது என்பதால் மட்டும் ஒரு கடிகாரம் ஆல்ட்ரினுடையதற்கு இணையாகிவிடாது. பின்மூடியின் உட்புறத்தில் உள்ள மாதிரி எண்ணையும் இயந்திரத்தில் பொறித்த தொடர் எண்ணையும் பார்க்காமல் விலை பேச வேண்டாம்.

‘அந்தக் காலத்தது சிறியது, இப்போதையது பெரியது’ என்பதும் பாதிதான் சரி. 1957இல் வந்த முதல் ஸ்பீட்மாஸ்டர் ஏறத்தாழ 39 மில்லிமீட்டர். 1960களின் நடுவிலேயே 42 வந்துவிட்டது. இன்று கடையில் இருக்கும் வழக்கமான மாதிரியும் அதே 42தான்.

பெசலில் (கண்ணாடியைச் சுற்றியுள்ள எண்கள் பொறித்த வளையத்தில்) 90 என்ற எண்ணுக்கு நேர் மேலே புள்ளி இருந்தால் பழையது என்று பலர் முடிவுகட்டுகிறார்கள். ஏறத்தாழ 1970 வரை புள்ளி அங்கே இருந்தது உண்மை. ஆனால் 2021இல் வந்த புதிய மாதிரியிலும் ஒமேகா அதைத் திரும்ப வைத்திருக்கிறது. தவிர, பெசல் கழற்றி மாட்டக்கூடியது. பழைய பெசலுக்குத் தனியாகவே நல்ல விலை கிடைப்பதால், ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் பொருத்துவது சகஜம்.

பாகம் மாற்றுவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஜெனீவா ஏலத்தைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். 2021 நவம்பரில் 1957ஆம் ஆண்டு ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் போனது. வாங்கியது ஒமேகாவேதான், தன் அருங்காட்சியகத்துக்காக. பல கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்து உருவாக்கப்பட்டது அது என்று 2023இல் அந்த நிறுவனமே அறிவித்தது. செய்தவர்களையே ஏமாற்றக்கூடிய கடிகாரத்தை நாம் ஒரு புகைப்படத்தைப் பார்த்துத் தீர்மானிப்பது எப்படி?

ஒளிர்வைப் பார்த்தால் ஓரளவு பிடிபடும். 1960களின் நடுவிலிருந்து பல ஆண்டுகள் டயலிலும் முட்களிலும் டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த ஒளிரும் பூச்சு பூசப்பட்டது. அதன் வீரியம் 12.3 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். 1967ஆம் ஆண்டுக் கடிகாரம் இரவெல்லாம் பளிச்சென்று ஒளிர்ந்தால், டயலையோ பூச்சையோ யாரோ மாற்றியிருக்கிறார்கள். டயலின் புள்ளிகள் மஞ்சளாகி, முட்கள் மட்டும் வெண்மையாக இருந்தாலும் அதே சந்தேகம்தான். 1950களின் கடிகாரங்களில் அதைவிட ஆபத்தான கதிரியக்கப் பொருளான ரேடியம் இருக்கும். அதைச் சுரண்டிப் பார்க்கவே கூடாது.

புதியதற்கு வேறு அளவுகோல் வேண்டும். 2021 மாதிரியில் உள்ள 3861 இயந்திரம் 50 மணி நேரம் ஓடும், 15,000 காஸ் காந்தப்புலத்தைத் தாங்கும். இவற்றைக் காட்டி பழையதை மட்டம் தட்டுவது நியாயமில்லை. அதேபோல் பழையதைக் கட்டிக்கொண்டு டர்பன் கடலில் இறங்குவதும் நியாயமில்லை. ஐம்பது ஆண்டு இறுகிப்போன ரப்பர் வளையம் தண்ணீரைத் தடுக்காது. தினமும் அணிய, கடற்கரைக்குப் போக ஒன்று வேண்டும் என்றால் தயங்காமல் புதியதை வாங்குங்கள்.

வாங்கும் இடமும் முக்கியம். முறையான வியாபாரியிடம் வாங்கினால், தென்னாப்பிரிக்காவின் 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாத உத்தரவாதம் உண்டு. தெரிந்தவரின் மைத்துனரிடம் ரொக்கமாக வாங்கினால் அது கிடைக்காது.

என் மனம் பொறுக்காத தவறு கடைசியில் வருகிறது. அப்பாவோ தாத்தாவோ கட்டியிருந்த கடிகாரத்தைப் பிள்ளைகள் அன்பினாலேயே ‘புதுசு போல்’ ஆக்கித் தரச் சொல்கிறார்கள். கேஸை, அதாவது வெளி உலோகக் கூட்டை, தேய்த்து மெருகேற்றும்போது பட்டை மாட்டும் கொம்புகளான லக்குகளின் கூர்மையான விளிம்புகள் கரைந்து போகின்றன. போன உலோகம் திரும்பாது. மங்கிய டயலும் முட்களும் மாற்றப்பட்டுவிட்டால், சேகரிப்பாளர் தேடுவதும் குடும்பம் நினைவில் வைத்திருப்பதும் ஒருசேரப் போய்விடும். இயந்திரத்தைச் சுத்தம் செய்து எண்ணெய் இட வேண்டியது அவசியம். ஆனால் ஒப்படைக்கும்போதே மூன்றை எழுத்தில் வாங்குங்கள்: மெருகேற்றக் கூடாது, டயலையும் முட்களையும் தொடக் கூடாது, கழற்றிய பழைய பாகம் எதுவானாலும் திருப்பித் தர வேண்டும். அதற்குச் சம்மதிக்காத கடையிலிருந்து கடிகாரத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.