யெஸ்டர்டே வந்தால் ஹேவ் வேண்டாம்

ஆபீஸ் மின்னஞ்சலில் நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்: 'ஐ ஹேவ் சென்ட் இட் யெஸ்டர்டே'. யெஸ்டர்டே, லாஸ்ட் வீக் என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் ஹேவ் கூடாது, 'ஐ சென்ட் இட்' போதும். ஜஸ்ட், ஆல்ரெடி, யெட் என்றால் ஹேவ் போடுங்கள். காப்பிக்கடையில் சிங்லிஷாக, அதாவது சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலத்தில், 'ஐ ஈட் ஆல்ரெடி' தாராளமாகச் சொல்லலாம், அங்கே யாரையும் திருத்தப் போகாதீர்கள், ஆனால் தேர்வுத்தாளில் 'ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்' என்றுதான் எழுத வேண்டும்.

அப்புறம் சின்ஸ். '2015இலிருந்து ஈசூனில் இருக்கிறேன்' (ஈசூன் சிங்கப்பூரில் ஒரு வட்டாரம்) என்று தமிழில் நிகழ்காலத்திலேயே சொல்லிப் பழகியதால் 'ஐ ஆம் லிவிங் இன் ஈசூன் சின்ஸ் 2015' என்று வந்துவிடுகிறது. 'ஐ ஹேவ் லிவ்ட்' என்று மாற்றுங்கள். தொடங்கிய நேரத்துக்கு சின்ஸ், எவ்வளவு காலம் என்பதற்கு ஃபார்: 'ஃபார் டென் இயர்ஸ்'.