ஏபிஐ டெஸ்டில் ‘இஃப்’ போடும்போது கவனிக்க வேண்டியவை

ஒரே ஏபிஐ (ஒரு ப்ரோக்ராம் சர்வரிடம் டேட்டா கேட்கும் வழி) சில நேரம் 200 (‘கிடைத்தது’) என்ற ஸ்டேட்டஸ் கோடு தரும், சில நேரம் 404 (‘இல்லை’) தரும். டெஸ்ட் எழுதப் பழகுபவர்கள் இந்த இடத்தில் உடனே ஒரு ‘இஃப்’ (இப்படி வந்தால் இதைச் செய் என்ற நிபந்தனை) போட்டுவிடுவார்கள். போடலாம், தப்பில்லை. ஆனால் எதைப் பார்த்து ‘இஃப்’ போடுகிறோம் என்பது ரொம்ப முக்கியம்.

பயிற்சிக்கு ஜேசன்பிளேஸ்ஹோல்டர் என்ற இலவச ஏபிஐயை எடுத்துக்கொள்வோம். அதில் 100 போஸ்ட்கள் உண்டு. லாகின் எதுவும் வேண்டாம்.

படி 1: போஸ்ட்மேனில் (ஏபிஐ சோதிக்கும் ஆப்) 1-ம் எண் போஸ்ட்டைக் கேட்டு ‘கெட்’ அனுப்புங்கள். 200 வரும். எண்ணை 101 ஆக்கி அனுப்பினால் 404 வரும்; பாடியில், அதாவது பதிலின் உள்ளே, வெறும் {} மட்டும் இருக்கும்.

படி 2: ‘ஸ்கிரிப்ட்ஸ்’ டேபில் ‘போஸ்ட்-ரெஸ்பான்ஸ்’ பகுதிக்குப் போய் ஒரு டெஸ்ட் எழுதுங்கள். பலரும் முதலில் எழுதுவது இதுதான்:

கோடு 200 என்றால் → டைட்டில் காலியாக இருக்கக் கூடாது

இப்போது 101-ஐ அனுப்பிப் பாருங்கள். டெஸ்ட் பாஸ்! சர்வர் 500 (சர்வர் கோளாறு) கொடுத்தாலும் பாஸ்தான். டெஸ்டுக்குள் ஏதாவது எரர் எழுந்தால்தான் போஸ்ட்மேன் அதை ஃபெயில் என்று காட்டும். இங்கே ‘இஃப்’ உள்ளேயே நுழையவில்லை, எதையும் சரிபார்க்கவில்லை, அதனால் எரரும் இல்லை. நான் வேலை பார்த்த ஒரு ப்ராஜெக்ட்டில் டோக்கன் (லாகின் அனுமதிக்கான சாவி) காலாவதியாகி எல்லாமே 401 (அனுமதி இல்லை) வந்த நாளில்கூட ரிப்போர்ட் முழுக்கப் பச்சையாக இருந்தது. அன்றிலிருந்து ‘எல்ஸ்’ (நிபந்தனை பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்ற பகுதி) இல்லாத ‘இஃப்’ஐ நான் ரிவ்யூவில் விடுவதே இல்லை.

படி 3: எல்லா வழியையும் அடைத்துவிடுங்கள்.

கோடு 200 என்றால் → டைட்டில் காலியாக இருக்கக் கூடாது
கோடு 404 என்றால் → பாடி {} ஆக இருக்க வேண்டும்
வேறு எதுவானாலும் → ஃபெயில், வந்த கோடையும் மெசேஜில் காட்டு

கடைசி வரிக்கு பிஎம்.எக்ஸ்பெக்ட்.ஃபெயில் போதும். பதிலை ஜேசனாக (டேட்டாவை எழுதும் ஒரு வடிவம்) மாற்றும் வரியை அந்தந்தக் கிளைக்குள்ளேயே வையுங்கள். 204 மாதிரி பாடியே இல்லாத ரெஸ்பான்ஸில் அந்த வரி எரர் அடிக்கும். டெஸ்டுக்கு வெளியே இருந்தால் அதற்குக் கீழே உள்ள டெஸ்ட்கள் ஓடவே ஓடாது.

படி 4: இன்னும் ஓர் ஓட்டை இருக்கிறது. 1-ம் எண்ணுக்கே சர்வர் தவறாக 404 கொடுத்தால்? படி 3 அதையும் பாஸ் என்றே சொல்லும். வந்த பதிலைப் பார்த்து முடிவெடுப்பதால் வரும் கோளாறு இது. நாம் அனுப்பியதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். டேட்டா ஃபைலில் (டெஸ்ட் ஓட்டும்போது போஸ்ட்மேனுக்குக் கொடுக்கும் பட்டியல்) ஒவ்வொரு எண்ணுக்கும் எதிர்பார்க்கும் கோடை எழுதுங்கள்: 1-க்கு 200, 101-க்கு 404. டெஸ்டில் முதல் வரியாக, ‘இஃப்’ எதுவும் இல்லாமல், வந்த கோடும் எதிர்பார்த்த கோடும் ஒன்றா என்று பாருங்கள். அதற்குப் பிறகு வரும் ‘இஃப்’ எதிர்பார்த்த கோடை வைத்தே இருக்கட்டும்.

படி 5: லிஸ்ட் வந்தாலும் இதே கதைதான். யூசர்ஐடி 99 என்று ஃபில்டர் செய்தால் 200-உடன் காலி லிஸ்ட் வரும். ஒவ்வொரு போஸ்ட்டையும் சரிபார்க்கும் லூப் ஒரு தடவைகூடச் சுற்றாது, டெஸ்ட் பாஸ் ஆகிவிடும். லூப்புக்கு முன்னால் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். யூசர்ஐடி 1-க்கு 10 போஸ்ட்கள் இருக்க வேண்டும்.

எழுதி முடித்ததும் டேட்டா ஃபைலில் 1-க்கு எதிரே வேண்டுமென்றே 404 என்று மாற்றி ஓட்டுங்கள். சிவப்பு வந்தால் திரும்ப 200 ஆக்கிவிட்டு கமிட் செய்யலாம்.