ஹாரி பாட்டரில் துப்புத் தேடுவது எப்படி?

ஹாரி பாட்டரை அலச உட்காருகிறவர்கள் ஸ்னேப் என்ற ஆசிரியர் நல்லவரா கெட்டவரா என்றுதான் ஆரம்பிப்பார்கள். என் அக்கா மகளும் அப்படித்தான். ஆட்களை விடு, சாமான்களைப் பின்தொடர் என்றேன்.

ஏழு புத்தகங்களையும் ஒருமுறை கதைக்காகப் படித்து முடித்திருக்க வேண்டும். மறுவாசிப்பில் ஒரு நோட்டு போதும்: என்ன பொருள், எந்தப் புத்தகம், எந்த அத்தியாயம். பட்டியல் வரும் இடங்களில் மெதுவாகப் போங்கள். ஐந்தாம் புத்தகத்தில் (2003) ஹாரியின் ஞானத்தந்தை சிரியஸின் வீட்டைச் சுத்தம் செய்யும்போது கிடைக்கும் தட்டுமுட்டுச் சாமான்களுக்கு நடுவே, யாராலும் திறக்க முடியாத கனமான லாக்கெட் ஒன்று வரும். ஒரே வரி. அதே அத்தியாயத்தில் சிரியஸுக்கு ரெகுலஸ் என்று ஒரு தம்பி இருந்ததும் தெரியவரும். 2005-இல் வந்த ஆறாம் புத்தகம் போலி லாக்கெட்டோடும் ‘ஆர்.ஏ.பி.’ என்ற கையெழுத்தோடும் முடிந்தபோது, பழைய புத்தகத்தைப் புரட்டிய வாசகர்கள் பலர் ஏழாம் புத்தகம் வந்த 2007-க்கு முன்பே, அது ரெகுலஸ்தான் என்று விடையைப் பிடித்துவிட்டார்கள்.

சிரிப்புக் காட்சிகளையும் விடாதீர்கள். இரண்டாம் புத்தகத்தில் பீவ்ஸ் என்ற குறும்புப் பேய் ஓர் அலமாரியைக் கீழே போட்டு உடைக்கும். அதே புத்தகத்தில், பகையாளிகளான மால்ஃபாய் குடும்பத்தின் கண்ணில் படாமலிருக்க ஹாரி ஒரு கடையில் கறுப்பு அலமாரிக்குள் ஒளிந்துகொள்வான். ஆறாம் புத்தகத்தில் எதிரிகள் ஹாக்வார்ட்ஸ் பள்ளிக்குள் நுழைவது இந்த ஜோடி அலமாரிகள் வழியாகத்தான்! இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காது.

அப்புறம், நோட்டில் இன்னொரு பத்தி போடுங்கள்: புத்தகம் சொல்லும் காரணம். நான்காம் புத்தகத்தில் மூடி என்ற ஆசிரியர் தன் குடுவையிலிருந்து மட்டுமே குடிப்பார். விஷத்துக்குப் பயந்து என்று காரணமும் உடனே கிடைத்துவிடும். நாமும் அதை நம்பி நகர்ந்துவிடுவோம். வேறொருவன் மூடியாக உருமாறக் குடித்த பானம் அது என்று கடைசியில்தான் தெரியும். காரணம் கேட்காமலே வந்து நிற்கும் இடங்களில் அடிக்கோடு இடுங்கள்.

எல்லாமே துப்பு இல்லை. அதே புத்தகத்தின் ஆரம்பப் பதிப்புகளில், வில்லன் வால்டமோர்ட்டின் மந்திரக்கோலிலிருந்து ஹாரியின் அம்மாவுக்கு முன் அப்பாவின் உருவம் வரும். அந்தக் கோலால் இறந்தவர்கள் தலைகீழ் வரிசையில் வெளிவருவார்கள்; அப்பாவுக்குப் பின் இறந்த அம்மாதான் முதலில் வர வேண்டும். அது வெறும் பிழை, பின்னால் திருத்திவிட்டார்கள்.

சரி, கருப்பொருள்? நோட்டிலுள்ள பெரிய பொருள்களை எடுத்து, யார் இறுகப் பிடிக்கிறார், யார் விடுகிறார் என்று கேளுங்கள். சாகாமல் வாழவைக்கும் ரசவாதக் கல்லை அழிக்க, அதைச் செய்த ஃபிளாமலே சம்மதிக்கிறார். வால்டமோர்ட் சாவைத் தள்ளிப்போடத் தன் உயிரையே துண்டுபோட்டுப் பொருள்களில் ஒளிக்கிறான். ஹாரி, இறந்தவர்களை வரவழைக்கும் மறுவாழ்வுக் கல்லைக் காட்டில் நழுவவிடுகிறான். எல்லாவற்றிலும் வலிமையான எல்டர் மந்திரக்கோலும் வேண்டாம் என்கிறான்.

போட்டால் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கும் மாய அங்கியை மட்டும் ஏன் வைத்துக்கொள்கிறான் என்று கேட்டாள் அக்கா மகள். ஏழாம் புத்தகத்தில் வரும் மூன்று சகோதரர்கள் கதையை எடுத்துக் கொடுத்தேன். அதில் கடைசித் தம்பி, வயதான பிறகு அங்கியைக் கழற்றி மகனிடம் கொடுத்துவிட்டுத்தான் சாவோடு புறப்படுகிறான்.