100 லிட்டர் பாலைப் பாஸ்டரைஸ் செய்ய என்னென்ன வேண்டும்?

பாலைக் குறிப்பிட்ட சூட்டில் குறிப்பிட்ட நேரம் வைத்துக் கிருமிகளைக் கொல்வதுதான் பாஸ்டரைஸ் செய்வது. சொந்தப் பண்ணைப் பாலைப் பாக்கெட் போட்டு விற்க நினைப்பவர்கள் முதலில் விலை விசாரிப்பது காய்ச்சும் தொட்டிக்குத்தான். என்னைக் கேட்டால், குளிர வைப்பதற்கும் கழுவுவதற்கும் முதலில் பணம் ஒதுக்குங்கள். நன்றாகக் காய்ச்சிய பாலும் கெட்டுப்போவது அங்கேதான்.

படி 1: தொட்டி
304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில், வெந்நீர் ஓடும் ஜாக்கெட் (தொட்டியைச் சுற்றிய இரட்டைச் சுவர்), கலக்கி, மூடி எல்லாம் உள்ளதாக வாங்குங்கள். உள்ளே வெல்டிங்கை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் வேண்டாம். பால் படிந்து கிருமி தங்கிவிடும்.

படி 2: சூடாக்குதல்
63 டிகிரி செல்சியஸ், முழுதாக 30 நிமிடம். 63ஐத் தொட்ட பிறகுதான் நேரம் எண்ண வேண்டும். நடுவில் இறங்கிவிட்டால் மறுபடி முதலிலிருந்து. நுரை பாலைவிடக் குளிர்ந்தே இருக்கும், அதில் கிருமி தப்பிக்கும். அதனால் நுரை எழாதபடி மெதுவாகக் கலக்குங்கள், மூடியைத் திறக்காதீர்கள். தெர்மாமீட்டரை நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த டம்ளரில் வைத்தால் 0 காட்ட வேண்டும்.

படி 3: குளிர வைத்தல்
கரண்ட் பில் ஏறுவது இங்கேதான். 100 லிட்டரை 63லிருந்து 4 டிகிரிக்கு இறக்க, 1 டன் குளிரூட்டும் திறனுள்ள சில்லர் (குளிரூட்டும் இயந்திரம்) கிட்டத்தட்ட 2 மணி நேரம் ஓட வேண்டும். முதலில் ஜாக்கெட்டில் சாதாரணத் தண்ணீரை விட்டு 35 வரை இறக்குங்கள். அப்புறம் சில்லருக்கு ஒரு மணி நேர வேலைதான் மிச்சம். வெளியே வரும் சுடுநீரைப் பிடித்து வையுங்கள், கழுவ உதவும். பாதியில் கரண்ட் போனால் சமாளிக்க ஜெனரேட்டர் கட்டாயம்.

படி 4: கழுவுதல்
பால் காலியானதும் வெதுவெதுப்பான நீரில் அலசுங்கள். எடுத்தவுடன் கொதிநீர் ஊற்றினால் பால் புரதம் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அடுத்து 70 டிகிரி நீரில் 1 சதவீதக் காஸ்டிக் சோடா, பிறகு நல்ல தண்ணீர். உப்புத்தண்ணீர் ஊர் என்றால் சுவரில் வெள்ளையாகப் படியும்; அதற்கு அவ்வப்போது 0.5 சதவீத நைட்ரிக் அமிலம். காஸ்டிக் சோடாவையும் அமிலத்தையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள். கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் தொடவே வேண்டாம். வால்வையும் கேஸ்கட்டையும் (இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் வளையம்) கழற்றித் தேய்க்க வேண்டும்.

படி 5: சோதனை
பச்சைப் பாலின் குழாயும் வாளியும் காய்ச்சிய பால் பக்கம் வரவே கூடாது. சந்தேகம் வந்தால் ஃபாஸ்ஃபடேஸ் சோதனை செய்யுங்கள். ஃபாஸ்ஃபடேஸ் என்பது பச்சைப் பாலில் இருக்கும் ஒரு நொதி; சரியாகச் சூடாக்கினால் அது செயலிழந்துவிடும். அந்த நொதி இன்னும் வேலை செய்தால், சூடு போதவில்லை, இல்லையென்றால் பச்சைப் பால் கலந்திருக்கிறது. அந்தப் பாலை விற்காதீர்கள்.