ஏலத்தில் எடுத்த கம்ப்ரஸர் இரண்டாம் நடையில்தான் வந்தது

ஆன்லைன் ஏலத்தில் பழைய ஏர் கம்ப்ரஸர் ஒன்று எடுத்தேன், சரக்கு ஓசூரில் ஒரு குடோனில் கிடந்தது. எனக்கு வேலை இருந்ததால் தர்மபுரியிலிருந்து மச்சானை டாட்டா ஏஸோடு அனுப்பினேன். கேட்டிலேயே திருப்பிவிட்டார்கள், டெலிவரி ஆர்டர் (சரக்கை எடுத்துக்கொள்ளத் தரும் அனுமதிச் சீட்டு) என் பெயரில், போனதோ வேறு ஆள். வண்டி வாடகை, கிருஷ்ணகிரி டோல் எல்லாம் தண்டம்.

அப்புறம்தான் ஏல நிபந்தனைகளை ஒழுங்காகப் படித்தேன். மச்சானுக்கு அதிகாரக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, இருவரின் ஆதார் நகல், பணம் கட்டிய ரசீது எல்லாம் சேர்த்துக் கொடுத்து, முந்தின நாளே குடோனுக்குப் போன் செய்து வண்டி நம்பரும் வரும் நேரமும் சொல்லிவிட்டேன். ஏற்றிவிட அங்கே ஆள் கிடையாதாம் (கேட்டதால் தெரிந்தது), இரண்டு பேரை இங்கிருந்தே கூட்டிப்போனான். 10 மணிக்கு உள்ளே போனவன் சாப்பாட்டு நேரத்துக்குள் கேட் பாஸோடு வெளியே வந்துவிட்டான்.