அகல எழுத்தைக் கெடுக்கும் வழிகள்

இத்தாலியின் துரின் நகரில் இருந்த நெபியோலோ எழுத்து வார்ப்பகத்துக்காக அலெஸ்ஸாண்ட்ரோ பூட்டியும் ஆல்டோ நோவரேசேயும் 1952-இல் மைக்ரோகிராமா என்ற எழுத்துருவை வரைந்தார்கள். அதில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளே (a, b, c) கிடையாது, பெரிய எழுத்துகள் (A, B, C) மட்டும்தான். நோவரேசே அவற்றையும் சேர்த்து 1962-இல் யூரோஸ்டைலை வெளியிட்டார். அதன் தடித்த, அகன்ற வடிவத்தை விண்வெளிப் படங்களின் கணினித் திரைகளில் பார்த்திருப்பீர்கள்; இப்படிப் பக்கவாட்டில் விரிந்து நிற்பதுதான் அகல எழுத்து. அதிலுள்ள ஆங்கில 'ஓ' (O) வட்டமாக இருக்காது. பழைய தொலைக்காட்சித் திரைபோல மூலை மழுங்கிய சதுரமாக இருக்கும்.

இந்தத் தோற்றத்துக்கு ஆசைப்பட்டு, கையில் இருக்கும் சாதாரண எழுத்துருவை மென்பொருளில் 150 சதவீதம் பக்கவாட்டில் இழுத்துவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. ஆங்கிலப் பெரிய 'எச்' எழுத்தை அப்படி இழுத்துப் பாருங்கள். நிற்கும் கால்கள் இரண்டும் ஒன்றரை மடங்கு தடித்துவிடும். நடுவில் உள்ள குறுக்குக்கோடு பழைய தடிமனிலேயே நிற்கும். 'ஓ'வின் விலா வீங்கும், தலையும் அடியும் அதற்கு ஈடுகொடுக்காது. முறையான அகல எழுத்தில் ஒவ்வொரு கோட்டின் தடிமனும் அந்த அகலத்துக்கென்றே திருத்தி வரையப்பட்டிருக்கும். இழுப்பதற்கு ஒரு நொடி போதும் என்பதால் அந்த உழைப்பு யாருக்கும் தெரிவதில்லை. தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவில் 'போல்டு' பொத்தானை அழுத்துவதும் இதே ரகம்தான்.

அடுத்தது, அளவு தெரியாமல் பயன்படுத்துவது. அகல எழுத்து கடைப் பெயருக்கும் நான்கைந்து சொல் தலைப்புக்கும் உரியது. இதிலேயே ஒரு பத்தியை அச்சிட்டால் வரிக்கு மூன்று சொல்கூட நிற்காது; படிப்பவரின் கண் வரிக்கு வரி தாவியே களைத்துவிடும். எழுத்தைச் சிறிதாக்கினால் வேறொரு சிக்கல் வரும்: தடித்த கோடுகளுக்கு நடுவே இருக்கும் வெள்ளை இடம் அடைபட்டுவிடும். செய்தித்தாள் காகிதத்தில் மை பரவும்போது தமிழின் ஐ, ஞ, ஜ ஆகியவற்றின் சுழிகள்தான் முதலில் மூடிக்கொள்ளும்.

எழுத்துகளுக்கு இடையே தாராளமாக இடைவெளி விட்டால் நவீனமாகத் தெரியும் என்றும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஆனால் பெரிய அளவில் அகல எழுத்தின் இடைவெளியைச் சற்று இறுக்கினால்தான் சொல் ஒரு சொல்லாக நிற்கும்.

இருமொழிப் பலகைகளில் தவறு இரட்டிப்பாகிறது. ஆங்கிலத்துக்கு யூரோஸ்டைலைப் போட்டுவிட்டு, அதற்கு ஈடாகத் தமிழை இழுக்கிறார்கள். ண, ணை போன்றவை இயல்பிலேயே அகலமானவை. தமிழை மேலும் இழுத்தால் 'பல்கலைக்கழகத்தின்' போன்ற ஒரு சொல்லே கைபேசித் திரையில் ஒரு வரிக்குள் அடங்காது. கூகுள் எழுத்துருக்களில் இலவசமாகக் கிடைக்கும் அனேக் தமிழ் என்ற எழுத்துரு, அகலத்தை 75 முதல் 125 வரை (100 இயல்பான அகலம்) மாற்றிக்கொள்ளும்படியே வரையப்பட்டது. அதில் 110 பக்கம் வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான தலைப்புகளுக்குப் போதும் என்பது என் கணிப்பு.

வரி இடைவெளியையும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளை வைத்து முடிவு செய்யாதீர்கள். அவற்றுக்கு மேலே எழுவதும் இல்லை, கீழே இறங்குவதும் இல்லை. தமிழில் மேல் வரியின் 'கு'வும் கீழ் வரியின் 'கீ'யும் சந்திக்கும் இடத்தை வைத்தே இடைவெளியை அளந்துகொள்ளுங்கள்.